மாமா பார்த்த வெள்ளைவால் புறா

கரணமடிக்கும் கர்ணப்புறா, எங்கே விட்டாலும் வீடு திரும்பும் ஹோமர், சாதா. இந்த மூன்றையும் விட்டால் வேறு புறா இருக்கிறது என்று எங்கள் தெருவில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ராயபுரத்தில் மாடிக்கு மாடி கூண்டு இருந்த காலம் அது. எங்கள் மொட்டை மாடியிலும் மீன்பெட்டிப் பலகைகளை அடித்துச் செய்த கூண்டு ஒன்று இருந்தது. காலையில் கம்பு, சோளம், காய்ந்த பட்டாணி போட்டுவிட்டுத்தான் நைனா டீயைத் தொடுவார்.

மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அந்தமான் கப்பலில் சமையல் வேலை பார்த்தார். சென்னைத் துறைமுகத்திலிருந்து போர்ட் பிளேருக்கு மூன்று நாள். சில சமயம் தீவுக் கப்பலுக்கு மாற்றிவிட்டால் இன்னும் தெற்கே கேம்ப்பல் பே வரைக்கும் போவார். திரும்பி வரும்போது ஒரு மூட்டை தேங்காயும் இரண்டு மூட்டைக் கதையும் வரும்.

"டேய், அங்க ஒரு புறா கீதுடா. உடம்பெல்லாம் பச்சை. வெயில் பட்டா செப்புக் கொடம் மாதிரி மின்னுது. கழுத்துல சேவலுக்குத் தொங்குமே, அந்த மாதிரி இறகு. வாலு மட்டும் சுண்ணாம்பு அடிச்சாப்ல வெள்ளை."

நைனா கூண்டைக் கழுவிக்கொண்டே, "மயிலும் புறாவும் ஜோடி சேர்ந்துச்சா மச்சான்? எவ்ளோ ஊத்துன?" என்றார்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அடுத்த தடவை வந்தபோது, அதே புறாவைக் கையிலேயே பிடித்துப் பார்த்ததாக மாமா சொன்னார். கேம்ப்பல் பேயில் குடியேறியிருந்த ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீட்டில், சிறகில் அடிபட்டு வந்து கிடந்ததாம். வால் என்ன நிறம் என்று நைனா கேட்டார். மாமா யோசிக்காமல் "கறுப்பு" என்றார்.

அவ்வளவுதான். "போன தடவை வெள்ளை, இந்தத் தடவை கறுப்பு. பொய் சொல்றவனுக்கு ஞாபகம் வேணும் மச்சான்." அன்றிலிருந்து மாமாவுக்குத் தெருவில் மயில்புறா என்றே பெயர். ஒரு கல்யாணப் பந்தியில் "மயில்புறாவுக்கு இன்னொரு அப்பளம் வை" என்று யாரோ கத்தினார்கள். மாமா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனார். நானும் சிரித்தவர்களில் ஒருவன்தான்.

இதெல்லாம் நடந்து இருபத்தைந்து வருடம் இருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் அக்காவைப் பார்க்கப் போனபோது ஜூரோங் பறவைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனாள் (2023இல் அதை மண்டாய்க்கு மாற்றிவிட்டார்கள்). பெரிய வலைக்கூடாரத்துக்குள் பறவைகளைத் திறந்து விட்டிருந்தார்கள். கீழே சிந்தியிருந்த பழத்தை ஒன்று பொறுக்கிக்கொண்டிருந்தது. முதலில் நடைதான் கண்ணில் பட்டது. அடிக்கு ஒரு முறை தலையை முன்னே தள்ளும் நடை. புறா வளர்த்தவன் கண்ணுக்கு அது போதும். சாம்பல் தலை, அலகு தொடங்கும் இடத்தில் மேலே சின்னக் கறுப்புக் குமிழ், தடித்த சிவந்த கால். நம்ம ஹோமரைவிடக் கொஞ்சம் பெரிய உருப்படி. தோள்வரைக்கும் தொங்கும் கழுத்து இறகுகள். நிழலில் கரும்பச்சையாக இருந்தது, ஓரடி எடுத்து வெயிலில் வைத்ததும் செம்பாக மாறியது. அப்புறம் திரும்பியது. குட்டை வால். சுத்தமான வெள்ளை.

எனக்குக் கை நடுங்கியது. சும்மா சொல்லவில்லை.

பெயர் நிக்கோபார் புறா. உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைத்த லின்னேயஸ் 1758லேயே இதற்கும் பெயர் வைத்துவிட்டார், ராயபுரத்துக்குத்தான் தகவல் வரவில்லை. நிக்கோபாரும் நமக்குப் புதிதில்லை. தஞ்சைக் கல்வெட்டில் ராஜேந்திர சோழன் வென்ற இடங்களில் மாநக்கவாரம் என்று வருவது அதைத்தான் என்கிறார்கள். அங்கிருந்து கிழக்கே பலாவ், சாலமன் தீவுகள் வரைக்கும் இந்தப் புறா உண்டு.

அன்று ராத்திரி தேடித்தேடிப் படித்தேன். நம்ம ஜோடி இரண்டு முட்டை வைக்கும், இது ஒன்றுதான். ஆளில்லாத சின்னத் தீவுகளில் கூட்டமாகக் கூடு கட்டும். நிக்கோபாரில் பட்டி மால்வ் அப்படி ஒரு தீவு. இரைக்கு இன்னொரு தீவுக்குப் பறக்கும். இது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. கூடூரில் விட்டாலும் நெல்லூரில் விட்டாலும் அந்த ஒரே மாடிக்கு வந்து இறங்குவதுதான் புறாவுக்கு அழகு என்று வளர்ந்தவன் நான். மங்கிய வெளிச்சத்தில் கடலைத் தாண்டும்போது முன்னால் போகும் புறாவின் வெள்ளை வாலைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருபவை சேர்ந்து பறக்கும் என்கிறார்கள்.

இரைப்பையில் ஒரு கல்லும் வைத்திருக்குமாம், கடினமான விதையை அரைக்க. நைனா ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய அம்மியில் செங்கல்லையும் முட்டை ஓட்டையும் நசுக்கி, கூண்டு மூலையில் கொட்டாங்கச்சியில் வைப்பார். அதே சங்கதிதான். ஆனால் அந்தக் கல்லை நகையில் பதிக்க வேண்டுமென்று இந்தப் புறாவை வேட்டையாடியிருக்கிறார்கள். அது போதாதென்று தீவுகளில் எலியும் பூனையும் வேறு. கேம்ப்பல் பே இருக்கும் கிரேட் நிக்கோபார் தீவில் இப்போது பெரிய துறைமுகம் கட்டப்போகிறார்கள். துறைமுகம் வந்தால் கரைக்கு என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே எங்கள் பக்கம் கடல் கரையைத் தின்றது.

இன்னொன்று. ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் மிச்சமிருக்கும் டோடோ என்ற பறக்காத பெரிய பறவையின் டிஎன்ஏவை எடுத்து 2002இல் ஒப்பிட்டபோது, உயிரோடு இருப்பவற்றில் அதற்கு மிக நெருங்கிய சொந்தம் இந்த நிக்கோபார் புறாதான் என்று தெரிந்தது. மொரீசியஸில் முந்நூறு வருடத்துக்கு முன்பே அழிந்துபோன டோடோவுக்குப் பங்காளி, எங்கள் மாமாவின் கையில் உட்கார்ந்திருக்கிறது.

அப்புறம் ஒரு வரி. சின்ன எழுத்தில், கடைசியில் இருந்தது. இளம் பறவைக்கு வால் கறுத்திருக்கும், வளர்ந்த பிறகுதான் வெள்ளையாகும்.

அதை நான்கு முறை படித்தேன். சொல்வதற்கு நைனா இல்லை, போய் ஆறு வருடம்.

ஊருக்கு வந்ததும் தண்டையார்பேட்டைக்குப் போய் மாமாவிடம் வீடியோவைக் காட்டினேன். கண்ணில் புரை, போனை மூக்குக்கிட்ட வைத்துத்தான் பார்த்தார். "வாலைக் காட்டு" என்றார். நிறுத்திக் காட்டினேன். கறுப்பு வால் விஷயத்தையும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. "நானே ஏதோ சரக்கு மப்புல பார்த்துட்டேன்னு நினைச்சுக்கினேன்டா" என்றார்.

பிறகு போனை என்னிடம் திருப்பிக் கொடுத்து, அந்தக் கல்யாணப் பந்தியில் இருந்தவர்களில் யார் யார் நம்பர் என்னிடம் இருக்கிறது என்று கேட்டார்.