டத்தோ பட்டமும் புழுங்கல் அரிசியும்

ஜூன் 14, சனி

அக்கா மகள் புக்கிட் ஜாலில் கச்சேரிக்கு 700 வெள்ளி (ரிங்கிட்) கட்டி டிக்கெட் எடுத்துவிட்டு வீடு முழுக்க ஆடிக்கொண்டிருக்கிறாள். அவள் தம்பிக்குப் பள்ளி அறிவியல் விழாவில் முதல் பரிசு. ஒரு சான்றிதழ், 30 வெள்ளிக்குப் புத்தகப் பற்றுச்சீட்டு, இரண்டும் ஐஸ் பெட்டி மேல் மின்சாரப் பில்லோடு கிடக்கின்றன. பாட்டுக்குக் காசு கொடுப்பதில் எனக்கொன்றும் வருத்தமில்லை, நானும்தான் போவேன். ஆனால் 2008இல் மலாக்கா மாநிலம் ஷாருக் கானுக்கு டத்தோ என்ற கௌரவப் பட்டம் கொடுத்தது இன்றைக்கும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. 1999இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நிப்பா வைரஸைப் பிரித்தெடுத்த டாக்டர் சுவா கா பிங் யாரென்று சாப்பாட்டு மேசையில் கேட்டேன். "யாரு மாமா அது?"

ஜூன் 16, திங்கள்

நம் கோலாலம்பூரிலேயே நடந்த ஒன்று. 1905 கடைசியில் வில்லியம் பிளெட்சர் என்ற டாக்டர், இங்கிருந்த மனநலக் காப்பக நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண் கொடுத்து, ஒற்றைப்படை எண்காரர்களுக்குத் தீட்டிய வெள்ளை அரிசி, இரட்டைப்படைக்குப் புழுங்கல் அரிசி என்று ஓராண்டு சோறு போட்டுப் பார்த்தார். வெள்ளை அரிசிப் பக்கம் பெரிபெரி (வைட்டமின் பி1 குறைவால் வரும் நோய்) வந்து 18 பேர் செத்தார்கள், புழுங்கல் பக்கம் ஒருவர்கூட அந்த நோயில் சாகவில்லை. நெல்லை உமியோடு அவிக்கும்போது தவிட்டுச் சத்து உள்ளே இறங்கிவிடுகிறது, விஷயம் அவ்வளவுதான். மலாயாத் தமிழர்களுக்குப் பெரிபெரி அதிகம் வராததும் இந்தச் சோற்றால்தான். நம் பாட்டன் பூட்டன் எல்லாம் தோட்டத்தில் அதைத்தான் தின்றார்கள். பிளெட்சர் 1907இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார், அப்புறம் அவரை டாக்டர்கள் தவிர யாருக்கும் தெரியாது. அந்த 18 பேரின் பெயர் டாக்டர்களுக்கும் தெரியாது. வராத நோய்க்கு யார் மாலை போடுவார்கள்?

ஜூன் 19, வியாழன்

ஒட்டுக்கடையில் டீ குடிக்கும்போது விஞ்ஞானிகளை யாரும் கொண்டாடுவதில்லை என்றேன். வேலையிடத்து அண்ணன் ஒருவர், "அதான் நோபல் பரிசு இருக்கே தம்பி" என்றார். இருக்கிறதுதான். ஜாவாவில் கோழிகளை வைத்து இதே அரிசி விஷயத்தைக் கவனித்த டச்சு டாக்டர் ஐக்மானுக்கு 1929இல் கிடைத்தது, அடுத்த வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். மஞ்சூரியாவில் பிளேக்கை அடக்கிய பினாங்குக்காரர் வூ லியன் தேயின் பெயர் 1935இல் பரிந்துரையில் இருந்தது, பரிசு வரவில்லை.

அண்ணன் விடவில்லை. "பாட்டும் நடிப்புமா இருந்த மலாய் சினிமாக்காரர் பி. ரம்லிக்கு மட்டும் என்ன கிடைச்சது, 1973ல கையில காசில்லாம செத்தாரு, டான் ஸ்ரீ பட்டம் 1990லதானே வந்துச்சு?" சரி, அது நியாயமான கேள்வி. அப்படிப் பார்த்தால் கலைக்கும் அறிவியலுக்கும் சண்டையே இல்லை, இன்றைக்குக் கூட்டம் சேர்க்கும் முகத்துக்குத்தான் பணம், அது யாருடையதாக இருந்தாலும். ஆனால் ரம்லியின் பாட்டு இன்னும் ரேடியோவில் வருகிறதே என்றேன். அண்ணன் டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு, பிளெட்சருக்கும் நீயே ஒரு பாட்டு எழுது என்றார்.