ஹாயிஸ்டுக்கு என்கோடர் வேணுமா?

டிரைவ் (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) மாற்றப் போனால் கோவை ஃபவுண்டரிகளில் முதலில் கேட்பது இதைத்தான்: “என்கோடர் இல்லாம ஓட்ட முடியாதாங்க?” மோட்டார் தண்டு எவ்வளவு சுற்றுகிறது என்று டிரைவுக்குச் சொல்லும் சென்சார்தான் என்கோடர். பம்புக்கும் ஃபேனுக்கும் தாராளமாக முடியும். பாரம் தூக்கும் ஹாயிஸ்ட் என்றால் நான் மசிய மாட்டேன்.

டிரைவ் மோட்டாரை ஓட்டும் ஒரு முறையான வெக்டர் கண்ட்ரோலில் ஸ்டேட்டர் (மோட்டாரின் சுழலாத பாகம்) கரண்டை இரண்டாகப் பிரித்துப் பார்க்கிறோம். ஒரு பங்கு காந்தப்புலத்துக்கு, மறு பங்கு டார்க்குக்கு, அதாவது சுழற்றும் விசைக்கு. அதற்கு, சுழலும் பாகமான ரோட்டரின் காந்தப்புலம் இந்தக் கணம் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று தெரிய வேண்டும். என்கோடர் இல்லாத டிரைவ் அதை வோல்டேஜையும் கரண்டையும் வைத்துக் கணக்குப் போட்டு ஊகிக்கிறது. வேகம் இருக்கும்வரை ஊகம் பிசகாது. 1 ஹெர்ட்ஸ் பக்கம் இறங்கினால் மோட்டார் சுழல்வதால் அதற்குள்ளேயே உண்டாகும் எதிர்மின்னழுத்தம் சுருங்கிப்போய், வைண்டிங் ரெசிஸ்டன்ஸில் விழும் வோல்டேஜ்தான் பெரிதாக நிற்கும். அந்த ரெசிஸ்டன்ஸாவது நிலையாக இருக்கிறதா? 25 டிகிரியில் ஆட்டோட்யூன் செய்த (டிரைவ் தானே அளந்து குறித்துக்கொண்ட) செம்பு வைண்டிங், 100 டிகிரிக்குச் சூடானால் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட 29 சதவீதம் ஏறிவிடும். டிரைவ் இன்னும் பழைய எண்ணை நம்பிக்கொண்டிருக்கும். காலையில் சமர்த்தாகத் தூக்கிய ஹாயிஸ்ட், மதியம் பிரேக் விட்டதும் ஒரு சாண் நழுவுவது இப்படித்தான். கீழே ஆள் நிற்கிற இடத்தில் இதெல்லாம் விளையாட்டில்லை.

என்கோடர் போட்டால் மட்டும் நிம்மதியா, அது தனிக் கதை. சுழலும் திசையைச் சொல்லும் ஏ, பி சிக்னல் வயர் இடம் மாறினால் மோட்டார் ஆமையாக ஊர்ந்தபடியே கரண்டை மட்டும் இழுக்கும். மோட்டார் கேபிளோடு ஒரே ட்ரேயில் என்கோடர் கேபிளைப் படுக்க வைத்து சிக்னலைக் கெடுக்கிற எலக்ட்ரீஷியன் அண்ணன்களை என்ன சொல்ல! ட்ரிப் வந்தால் (டிரைவ் தானாக நின்றுவிட்டால்) முதலில் என்கோடர் கேபிளின் காப்பு உறையான ஷீல்டைப் பாருங்கள், அப்புறம் என்கோடரைத் தண்டோடு இணைக்கும் கப்ளிங் ஸ்க்ரூ. போர்டைக் கடைசியாகக் கழற்றினால் போதும்.