பஞ்சு ஈரமாக இருந்தது

எங்கள் கல்லூரிப் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் மூன்று தரம் கேட்டுவிட்டார். கிரிக்கெட் மட்ச், விடுதிச் சாப்பாடு, அதிபரின் பிரம்பு எல்லாம் போன மலர்களிலேயே வந்துவிட்டன. நான் ஒரு கொலையைப் பற்றி எழுதுகிறேன்.

1995 தை மாதம், யாழ்ப்பாணம். அரசுக்கும் புலிகளுக்கும் சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது. நான் உயர்தரம், கணிதப் பிரிவு. நல்லூர்ப் பக்கம் ஒரு டியூட்டறி: கிடுகுக் கொட்டில், மண் தரை, நீள வாங்குகள். சனி காலை பெண்களுக்குத் தமிழ், பின்னேரம் எங்களுக்குப் பௌதிகம். பௌதிகம் மண்டைக்குள் ஏறாத ஒரு பின்னேரம், கொப்பியின் பின்பக்கத்தில் கதை ஒன்று தொடங்கினேன். கல்லூரிக் கிணற்றில் கணித மாஸ்டரின் சடலம் மிதக்கிறது. இரவிரவாக விளக்கு வைத்துப் படித்துவிட்டு, விடியத் தண்ணீர் அள்ளப் போன கதாநாயகன் அதைக் காண்கிறான். ஆள் நல்ல உயரம், கெட்டிக்காரன், நாலு ஏ எடுக்கக்கூடியவன். யாரை நினைத்து எழுதினேன் என்று வகுப்புத் தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

கொப்பியை வாங்கிலேயே மறந்துவிட்டு வந்துவிட்டேன். அடுத்த சனி பார்த்தால், என் தலைக்கு நேரே கூரைக் கிடுகுக்குள் அது செருகியிருந்தது. உள்ளே இரண்டாம் அத்தியாயம்! உருண்டையான எழுத்து. 'ழ' மட்டும் வால் சுழித்து அடுத்த எழுத்தைத் தொட்டது. என் அத்தியாயத்தில் "மீன்போன்ற விழிகள்" என்று இருந்ததைச் சிவப்புப் பேனையால் வெட்டி, பக்கத்தில் "இது கொலைக்கதையோ, சினிமாப் பாட்டோ?" என்று கேட்டிருந்தது.

அப்படித்தான் தொடங்கியது. ஒரு சனி நான், மறு சனி அந்தச் சுழித்த 'ழ'.

பேய் என் யோசனைதான். வெள்ளைச் சீலை, விரித்த கூந்தல், சலங்கைச் சத்தம். அதற்கும் சிவப்புப் பேனை: "எங்கட ஊர்ப் பேய்க்குச் சலங்கை ஆர் வாங்கிக் குடுத்தது?" அவள் எழுதிய பேய் கிணற்றுத் துலாவின் நுனியில் பேசாமல் உட்கார்ந்திருக்கும், யாராவது தண்ணீர் அள்ள வந்தால் எழும்பி இடம் விடும். அது என்னைப் பயப்படுத்தியது. ஏப்ரல் 19 அன்று சண்டை மறுபடி தொடங்கி, பொம்மர் சத்தம் கேட்டு பங்கருக்குள் ஓடிய நாட்களிலும் அந்தத் துலாவைத் தாண்டிப் போக எனக்குக் கால் கூசும்.

சரி, காதலுக்கு வருகிறேன். நாலாம் அத்தியாயத்தில் கதாநாயகி விடிய வெள்ளெனத் தேத்தண்ணியோடு கதாநாயகனின் கொட்டிலுக்குப் போகிறாள். அவன் இல்லை. மேசையில் ஜாம் போத்தல் விளக்கு.

இங்கே கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்காக: 1990க்குப் பிறகு எங்களுக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு அரிக்கன் லாம்பெல்லாம் கட்டாது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையுமளவுக்கு எண்ணெய் விட்டு, சைக்கிள் வால்வில் திரி கோத்துக் கொளுத்துவோம். அந்த வெளிச்சத்தில்தான் நாங்கள் எல்லாரும் படித்துச் சோதனை எழுதினோம்.

கதாநாயகி அந்தப் போத்தலின் புகையைத் தாவணித் தலைப்பால் துடைக்கிறாள். "பின்னேரம் அவள் விட்டுக் கொடுத்த எண்ணெய். பஞ்சு இன்னும் ஈரமாக இருந்தது." அவ்வளவுதான் வசனம். நான் அதை எத்தனை தரம் வாசித்திருப்பேன்! ஒருத்தி தன் வீட்டு மண்ணெண்ணெயை ஒருவனுக்கு விட்டுக் கொடுப்பதைவிட அந்த நாளில் பெரிய காதல் என்ன இருக்கிறது? பௌதிகம் அத்தோடு போனது.

ஒன்பதாம் அத்தியாயத்தில், "கொலைகாரன் இந்த வீட்டுக்குள்தான் இருக்கிறான்" என்று முடித்துக் கூரையில் செருகினேன். யார் என்று எனக்கே தெரியாது, அவள் பார்த்துக்கொள்வாள் என்ற நம்பிக்கை. ஒக்டோபர் 30 வந்தது. இராணுவம் நெருங்க, யாழ் நகரும் சேர்ந்த முழு வலிகாமப் பகுதியும் மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் வெளியே நகர்ந்தது. அடுத்த சித்திரையில் திரும்பி வந்தபோது டியூட்டறி இருந்த இடத்தில் கூரை தாங்கிய நாலு கப்பு மட்டும் நின்றது.

போன வருடம் ஸ்காபரோவில் எங்கள் சங்க இராப்போசனம். றோல்ஸ் வரிசையில் நின்று இந்தக் கதையை நண்பனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். முன்னால் நின்ற பெண் திரும்பினார்.

"சிவப்புப் பேனை என்ர. ஆனா யோசிச்சது நாங்கள் மூண்டு பேர். நான் எழுதினனான், அவ்வளவுதான்."

இருபத்தெட்டு வருடக் காதல் மூன்றாகப் பிரிந்தது. கொப்பி எங்கே என்று கேட்டேன்.

"வெளிக்கிடேக்க நான்தான் கொண்டு போனனான். கைதடியில ஒரு கொட்டிலுக்கை இருந்தம். விறகெல்லாம் ஈரம். அம்மா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்ட அதைத்தான் கிழிச்சவ."

"அப்ப கதை முடியேல்லை?"

"முடிச்சுப்போட்டுத்தான் குடுத்தனாங்கள்."

"ஆர் கொலைகாரன்?"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "உங்கட கதாநாயகன்தான். இரவிரவாப் படிச்சவனெண்டு நீங்கள்தானே எழுதினீங்கள். பிறகெப்பிடிப் பஞ்சு காயாமல் கிடக்கும்?"