யாழ்ப்பாணம் போனால் திருநெல்வேலியில் தங்குங்கள்

யாழ்ப்பாணம் ரயில் நிலைய வாசலில் ஓட்டோக்காரர் வாய்கூசாமல் 1200 ரூபா கேட்டார். தூரம் மூன்று கிலோமீட்டர்தான். "சாமான் கனக்க இருக்கு தம்பி, பார்த்துத் தாங்கோ" என்று பேசிப் பேசியே 1000 வாங்கிக்கொண்டார். நம்ம காசில் கிட்டத்தட்ட முந்நூறு! தங்கின வீட்டு அக்கா "400தானே வரும்" என்றதும் வயிறு எரிந்தது. மீட்டர் இல்லாத ஓட்டோவில் ஏறவே ஏறாதீர்கள்.

சரி, இடத்துக்கு வருவோம். வருகிறவர்கள் நல்லூர், கோட்டை, நூலகம் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை ஒட்டிய திருநெல்வேலியை (தமிழ்நாட்டுத் திருநெல்வேலி இல்லை; ஊர்க்காரர் வாயில் தின்னவேலி) யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பெரிய தப்பு. இராமநாதன் வீதி முழுக்க போட்டோக்கொப்பிக் கடைகள், ரோல்ஸ் கடைகள், மதிலில் 'மாணவிகளுக்கு அறை வாடகைக்கு' என்ற தாள்கள். தெற்கிலிருந்து வந்த சிங்கள மாணவர்களும் அதே பெஞ்சில் பிளேன் டீ குடிக்கிறார்கள். பக்கத்து ஒழுங்கைக்குள் திரும்பினால் செம்மண் தோட்டம், வாழை, கிணற்றில் மோட்டார் சத்தம். வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லாத குடாநாடு. சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கித் தேங்கும் மழைநீரில்தான் இத்தனை பச்சையும்.

பல்கலைக்கழகம் இருக்கும் இடம், பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரி. 1974இல் பல்கலைக்கழக வளாகமானது. முதல் தலைவர் இலக்கிய விமர்சகர் க. கைலாசபதி. உள்ளே சிவன் கோயிலும் உண்டு, 2009இல் போரின் கடைசிக் கட்டத்தில் இறந்தவர்களுக்கான முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியும் உண்டு. 2021 ஜனவரியில் அந்தத் தூபியைப் பல்கலைக்கழக நிர்வாகம் இரவோடு இரவாக இடித்தது. மாணவர்கள் விடவில்லை, அதே ஆண்டு மறுபடி எழும்பியது. 1983 ஜூலை 23 இரவு விடுதலைப் புலிகளின் தாக்குதலில் 13 இராணுவத்தினர் கொல்லப்பட்டதும், அதைச் சாக்கிட்டுக் கொழும்பில் தமிழர்கள் வேட்டையாடப்பட்டதும் நினைவிருக்கும். அந்தத் தாக்குதல் நடந்தது இங்கே, பலாலி வீதியில். இப்போது அதே வீதியில் டியூஷன் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள்.

அப்புறம் சாப்பாடு! பரமேஸ்வராச் சந்திக்குப் பக்கத்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத மரக்கறிச் சாப்பாட்டுக் கடை. சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பூசணிக்காய், பருப்பு, ஓரத்தில் பொரித்த மோர்மிளகாய். கடைசியில் சோற்றைக் குழித்துக்கொள்ளச் சொல்லிச் சொதி ஊற்றினார்கள். தேங்காய்ப்பால், பச்சைமிளகாய், மேலே தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி, இளஞ்சூடு. மிளகாயைக் கடித்து ஒரு வாய், சொதிச்சோறு ஒரு வாய். "இன்னும் போடட்டோ?" என்று கேட்டுக் கேட்டுப் போட்டார்கள். 350 ரூபா. நகர மையத்தில் இதில் பாதிச் சாப்பாட்டுக்கு இரண்டு மடங்கு கொடுத்தேன்.

சந்தைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். கோண்டாவில், உரும்பிராய்ப் பக்கத் தோட்டக்காரர்கள் கொண்டுவரும் வாழைக்குலைகள் அப்போதுதான் இறங்கும். கதலி ஒரு சீப்பு வாங்கினால் காலைச் சாப்பாட்டுச் செலவு முடிந்தது. தங்கும் வீட்டில் சைக்கிள் கேளுங்கள், நாள் வாடகைக்குத் தருவார்கள். நல்லூர் கோயிலுக்கு அதிலேயே போய்வரலாம். ஓட்டோவில் விட்டதை நான் அப்படித்தான் பிடித்தேன்.