பச்சை விளக்கு எரிந்தது, பெட்டகம் திறக்கவில்லை

பதினொரு நாள். அம்மாவின் காணி பேர்மிற் (அரச காணிக்கான அனுமதிப் பத்திரம்) பெட்டகத்துக்குள் அகப்பட்டுக் கிடந்த பதினொரு நாளும் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒழுங்கான நித்திரை இல்லை. இதே நிலையில் இன்னொருவர் நிற்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் பிறகு காணிக்கு உரியவராக, அதாவது பின்னுரித்தாளராக, தங்கச்சியின் பெயரைப் பதியவென்று பிரதேச செயலகத்தில் மூலப் பத்திரத்தோடு வரச்சொல்லியிருந்தார்கள். அந்தப் பத்திரம் எங்களுக்கு வெறும் கடதாசி இல்லை. 2009 இல் யுத்தத்தில் கிளிநொச்சி வட்டக்கச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அம்மா அதைப் பொலித்தீனில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டார். விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், பிறகு மனிக்பாம் முகாம். நகையெல்லாம் போனது, பேர்மிற் மட்டும் போகவில்லை. திரும்பி வந்து வீடு கட்டியதும் அம்மா முதலில் கேட்டது இந்தப் பெட்டகத்தைத்தான்.

இலக்கம் அடித்துத் திறக்கிற சின்னப் பெட்டகம், உள்ளே போல்ட் போட்டுச் சுவரோடு இறுக்கியது. அன்று காலை அடித்தால் விளக்கே வரவில்லை. பற்றறி முடிந்துவிட்டது என்று விளங்கியது. நல்லவேளையாக இந்த வகையில் பற்றறிக் கூடு வெளியே, இலக்கப் பலகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மூடியைத் தள்ளினால் நாலு பென் பற்றறி. சந்திக் கடையில் நாலு வாங்கிப் போட்டேன். பலகை உயிர்த்தது. இலக்கத்தை அடித்தேன். கீக் என்ற சத்தம், பச்சை விளக்கு, உள்ளே ஒரு மெல்லிய டிக். கைபிடி அசையவில்லை.

இங்கேதான் நான் பிழை விட்டேன். பச்சை விளக்கு வந்தபடியால் பற்றறியில் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டினேன். இலக்கம்தான் மாறிப்போயிற்றோ என்று வேறு இலக்கங்களை அடித்துப் பார்த்தேன். மூன்று தரம் பிழைத்ததும் பலகை சிவப்பைக் காட்டிக்கொண்டு ஒன்றுக்கும் அசையாமல் நின்றது. அப்படியானால் கை வைக்காமல் விட்டுவிடுங்கள், சிறிது நேரத்தில் தானாக விடும். அடித்த இலக்கத்துக்குப் பச்சை வருகிறதென்றால் இலக்கம் சரி. அதை மாற்றி மாற்றி அடிக்கவே கூடாது.

அவசரத் திறப்பு (சாவி) எங்கே என்று கேட்பீர்கள். இரண்டு திறப்பும் பெட்டகத்துக்குள்ளே இருந்தன. பத்திரமாக இருக்கட்டும் என்று வாங்கிய அன்றே அம்மா உள்ளே வைத்துவிட்டார், நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். வாங்கிய பில்லும் அங்கேதான்.

அதனால் வவுனியாவில் வாங்கிய கடைக்கே போனேன். 70 கிலோமீற்றருக்கு மேல் பஸ். முறிகண்டியில் பஸ் நின்றபோது இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டுத்தான் ஏறினேன். கடையில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “பில் இல்லாமல் நாங்கள் ஒண்டும் செய்யேலாது.”

“பில் பெட்டகத்துக்குள்ள இருக்கு. அதைத் திறக்கத்தானே வந்தனான்.”

“அப்ப கொழும்பில கொம்பனிக்கு எடுத்துக் கதையுங்கோ.”

எடுத்தேன். தொடர் இலக்கம் கேட்டார்கள். அது பெட்டகத்தின் முதுகில் ஒட்டியிருக்கிறது, முதுகு சுவரோடு இறுகியிருக்கிறது. ஒரு முழு நாளும் பஸ் காசும் போனதுதான் மிச்சம். என்ன பற்றறி போட்டீர்கள் என்று இரண்டு இடத்திலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை என்பதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

அடுத்து வெல்டிங் பட்டறையிலிருந்து ஒருவர் கிரைண்டரோடு வந்தார். பத்து நிமிடத்தில் வெட்டித் தருவேன் என்றார். அம்மா பெட்டகத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டார். “நெருப்புப் பொறி உள்ள போனா என்ர கடதாசி என்னாகும்?” அவர் பயந்தது சரி. தகடு சூடேறினால் உள்ளே கடதாசி கருகும். தயவுசெய்து வெட்டுவதைக் கடைசிக்கு விடுங்கள்.

கடைசியில் வந்தவர் கரடிப்போக்குப் பக்கம் றேடியோ, மின்விசிறி திருத்துகிற ஒரு அண்ணை. வந்ததும் பற்றறியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். “தம்பி, இது மணிக்கூட்டுக்குப் போடுற பற்றறி.” கூட்டுக்குள் பழைய பற்றறி கசிந்து, சுருள் கம்பியில் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைக் கத்தி நுனியால் சுரண்டி, துணியால் துடைத்தார். பிறகு மீற்றரைப் பிடித்துக்கொண்டு என்னை இலக்கத்தை அடிக்கச் சொன்னார். சும்மா இருக்கும்போது 5.8 வோல்ற் காட்டியது. கடைசி இலக்கத்தை அமத்திய கணம் 4 க்குக் கீழே விழுந்து, திரும்ப ஏறியது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. உள்ளே ஒரு மின்காந்தச் சுருள் சின்ன ஊசியொன்றை இழுத்தால்தான் கைபிடி திரும்பும். விளக்குக்கும் சத்தத்துக்கும் கொஞ்ச மின்சாரம் போதும், சுருளுக்கு அந்த ஒரு நொடியில் நிறைய வேண்டும். மலிவுப் பற்றறியால் அதைக் கொடுக்க முடியாது. சார்ஜ் பண்ணுகிற பற்றறியும் சரிவராது என்றார். அது ஒன்று 1.2 வோல்ற், நாலும் சேர்ந்து 4.8 தான். அல்கலைன் என்று எழுதியிருக்கிற பற்றறி நாலு போட்டால் 6.

அல்கலைன் போட்டோம். டிக் சத்தம் இப்போது உரத்துக் கேட்டது. ஆனாலும் கைபிடி திரும்பவில்லை. அம்மா நிலத்தில் இருந்துவிட்டார்.

அண்ணை அம்மாவிடம், “கடைசியாப் பூட்டேக்க கதவு லேசா மூடினதோ?” என்று கேட்டார். ஃபைல் தடித்திருந்தபடியால் முழங்காலால் தள்ளித்தான் மூடியதாக அம்மா சொன்னார். அவ்வளவுதான். உள்ளேயிருந்து ஃபைல் கதவைத் தள்ள, தாழ் சட்டத்தோடு இறுகிப் போயிருந்தது. அண்ணை தோளால் கதவை உள்ளே அமத்திப் பிடித்தார். நான் இலக்கத்தை அடித்துக் கைபிடியைத் திருப்பினேன். வெண்ணெயில் கத்தி போவதுபோலப் போனது.

அம்மா ஃபைலை மடியில் வைத்து ஒவ்வொரு தாளாகத் தொட்டுப் பார்த்தார். அண்ணை வந்து போன செலவு மட்டும் வாங்கினார், மேலே கொடுத்ததை மறுத்துவிட்டார்.

திங்கட்கிழமை செயலகத்தில் வேலை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. இப்போது ஒரு திறப்பு பரந்தனில் அக்கா வீட்டில், மற்றது என் பையில். பில்லையும் முதுகில் உள்ள இலக்கத்தையும் போனில் படமெடுத்து வைத்திருக்கிறேன். அந்த இலக்கத்துக்காக போல்ட்டைக் கழற்றிப் பெட்டகத்தைத் திருப்ப வேண்டியிருந்தது, அதையும் அன்றே செய்து முடித்தேன். ஃபைலை இரண்டாகப் பிரித்தாயிற்று. பற்றறி இனி ஒவ்வொரு வருடமும் மாரி தொடங்க முன்னம் மாறும், அல்கலைன் மட்டும்.