கராத்தேயா, ஜூடோவா, சிலம்பமா? – மதுரை நாட்குறிப்பு

ஜூன் 1, 2025, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. இந்த வருடம் ஏதாவது ஒரு தற்காப்புக் கலையில் சேர்ந்தே தீருவது என்று முடிவு செய்திருக்கிறேன். நாற்பதை நெருங்குகிறேன், யாரையும் அடித்து வீழ்த்தும் ஆசை கிடையாது. நாள் முழுக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துகிறேன், திருத்துகிறேன், அதட்டுகிறேன். என்னைத் திருத்த ஆள் இல்லாமல் வருடங்கள் ஓடிவிட்டன. வீட்டுக்கு வந்தால் கை தானாக ஃபோனுக்குப் போகிறது. கண்ணை மூடி உட்காரும் தியானம் எனக்குக் கைகூடவில்லை. கவனம் சிதறினால் அடுத்த நொடியே உடம்புக்குத் தெரிந்துவிடுகிற பயிற்சி வேண்டும்.

ஜூன் 4, புதன்

ஆசிரியர் அறையில் இதைச் சொன்னதும் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: “எது பெஸ்ட் டீச்சர்?” சண்டை என்று வந்தால் எது ஜெயிக்கும் என்கிற விவாதம் மணி அடிக்கும் வரை ஓடியது. எனக்கு அது தேவையில்லை. போகிற இடத்திலெல்லாம் நான் கேட்கப்போவது, “முதல் மூணு மாசம் தினமும் என்ன செய்யச் சொல்வீங்க?” என்பதை மட்டும்தான். ஓடு உடைப்பதும் பறந்து உதைப்பதும் ஆண்டு விழா மேடைக்கு. ஒவ்வொரு கலையிலும் அலுப்பூட்டும் பகுதி ஒன்று இருக்கிறது. வருடக்கணக்கில் அதைத்தான் செய்தாக வேண்டும். அந்த அலுப்பு யாருக்குப் பிடித்துப்போகிறதோ அவர்தான் நிலைத்து நிற்பார்.

ஜூன் 7, சனி

கராத்தே வகுப்பு, ஒரு பள்ளி மைதானத்தில். “பாப்பாவுக்கா மேடம்?” என்றார் மாஸ்டர். எனக்குத்தான் என்றதும் தயங்காமல் நாற்காலி எடுத்துப் போட்டார். ஒரு மணி நேரமும் வரிசையில் நின்று முன்னால் போய்க் குத்து, பின்னால் வந்து தடுப்பு. கட்டா என்றால் குத்தும் தடுப்பும் வரிசை மாறாமல் வரும் அசைவுக் கோர்வை. ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவில் பிள்ளைகள் முதலில் கற்கும் கட்டா ஹெயான் ஷோடான். அது தொடங்குவதே தடுப்பில்தான். ஓகினாவாவிலிருந்து 1922-இல் டோக்கியோ போய் இந்தக் கலையைப் பரப்பிய ஃபுனாகோஷி கிச்சின், கராத்தேயில் நாமாக முதலில் தாக்குவது கிடையாது என்று வைத்த விதி அங்கே தெரிகிறது.

முடிவில் மண்டியிட்டு ஐந்து உறுதிமொழிகள் சொன்னார்கள். ஐந்தையும் ‘ஒன்று’ என்றுதான் தொடங்குகிறார்கள். எதுவும் எதற்கும் கீழே இல்லை. மனதில் தங்கிவிட்டது.

திரும்பும் வழியில் இன்னொரு வகுப்பில் எட்டிப் பார்த்தேன். “ஒன்றரை வருஷத்துல பிளாக் பெல்ட் கேரண்டி” என்றார்கள். அப்படிக் கேரண்டி கொடுக்க முடிகிற இடத்தில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? உடனே கிளம்பிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

ஜூடோ. முதல் மாதம் முழுக்க விழுவது மட்டும்தான் என்றார் கோச். அதற்கு உகேமி என்று பெயர். பக்கத்தில் பத்து வயதுப் பிள்ளைகள் பொத்துப் பொத்தென்று விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள்.

“நீங்களும் ஒரு தடவை பண்ணிப் பாருங்க.”

குத்துக்காலிட்டு உட்காரச் சொன்னார். இரண்டு கையும் முன்னால். தாடை நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். கண் இடுப்புப் பெல்ட் முடிச்சைப் பார்க்க வேண்டும். அப்படியே பின்பக்கம் உருண்டு, முதுகு விரிப்பைத் தொடும் நேரத்தில் இரண்டு கைகளாலும் ஓங்கித் தட்ட வேண்டும். கை உடம்பை விட்டு ரொம்ப விலகியும் போகக்கூடாது, ஒட்டியும் இருக்கக்கூடாது. தாடையை விட்டால் பின்மண்டை போய் இடிக்கும். ஜூடோவில் பெரிய ஆபத்தே அதுதான். கேட்க எளிது. விழும்போது உடம்பு கழுத்தை நிமிர்த்தித் தப்பிக்கத்தான் பார்க்கிறது. அந்தப் பயத்தைப் பிடித்துவைத்து, தாடையை இறக்கி, மூச்சை வெளியே விட வேண்டும். உள்ளங்கை எரிந்தது. அந்த நொடியில் வேறு எந்த நினைப்பும் இல்லை. இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று கேட்டுக் கேட்டு விழுந்தேன்.

கானோ ஜிகோரோ இதை 1882-இல் டோக்கியோவில் ஒரு கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கும் இடத்தில் தொடங்கினார். அவரும் ஆசிரியர்தான், பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். நீயும் நானும் சேர்ந்தே வளர வேண்டும் என்பது அவர் வகுத்த கொள்கைகளில் ஒன்று. அரங்கில் அது வெறும் பேச்சாக இல்லை. தூக்கிப் போட்ட பெண், எதிராளி நல்லபடியாக விழுவதற்காகச் சட்டைக் கையைக் கடைசி வரை விடாமல் பிடித்திருந்தாள்.

ஜூன் 18, புதன்

களரி மேலும் ஒரு கண் இருந்தது. கேரளத்தில் வடகரையில் மீனாட்சி அம்மா எழுபது வயதைத் தாண்டியும் சொல்லிக்கொடுத்து, 2017-இல் பத்மஸ்ரீ பெற்றவர். ஆனால் மதுரையில் எனக்கு எட்டும் தூரத்தில் களரி ஆசான் யாரும் இல்லை. வீடியோ பார்த்துக் கற்கிற விஷயமில்லை இது.

ஜூன் 22, ஞாயிறு

கண்மாய்க்கரையில் சிலம்பம். மகளும் கூட வந்தாள். வாத்தியார் தரையைத் தொட்டு வணங்கச் சொல்லிவிட்டு, கம்பே கொடுக்காமல் காலடி போடச் சொன்னார். “கம்பு தானா சுத்தும்மா. காலு போய்ச் சேரணும்.” ஒரு மணி நேரம் கழித்துத்தான் நெற்றி உயரத்துக்கு ஒரு கம்பை அளந்து மகள் கையில் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

மூத்த பிள்ளைகள் போட்டிக்குத் தயாராகிறார்கள். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் உண்டு. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. ஒரு காலத்தில் திருவிழாவோடு நின்றுபோன கலைக்கு இது வேண்டியதுதான்.

ஜூன் 29, ஞாயிறு

மகள் சிலம்பம். நான் ஜூடோ.

“நம்ம ஊர்க் கலையை விட்டுட்டு ஜப்பான்காரன்கிட்ட போறீங்களே” என்று சக ஆசிரியை ஆதங்கப்பட்டார். சிலம்பத்தை நான் மனசாரக் கும்பிடுகிறேன். அதனால்தான் மகளை அங்கே விட்டேன். தனியாக மொட்டைமாடியில் தினமும் செய்ய வேண்டும் என்றால் கராத்தே கட்டாவும் சிலம்பக் காலடியும்தான் வசதி, அதையும் யோசித்தேன். ஆனால் தனியாக இருக்கும்போது நான் செய்வதெல்லாம் சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. ஜூடோவில் எதிரே ஒரு ஆள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என் எடை குதிகாலுக்குப் போய்விட்டால் யாரும் வாய்திறந்து சொல்ல வேண்டியதில்லை, நான் தரையில் கிடப்பேன். நான் தேடிய திருத்தம் இதுதான்.

ஜூலை 2, புதன்

விரிப்பில் உலோகம் எதுவும் கூடாது. நகமும் ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். வளையல், கம்மல், மெட்டியைக் கழற்றிவிடலாம். தாலிச் சங்கிலியை எப்படிக் கழற்றுவது என்று வீட்டில் பேச்சு வந்தது. அத்தைதான் முடித்துவைத்தார்கள்: “கழட்டி சாமி படத்துக்கிட்ட வச்சுட்டுப் போ. வந்து போட்டுக்க.” அவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

ஜூலை 20, ஞாயிறு

பின்பக்கம் விழுவது பயமில்லாமல் வருகிறது. பக்கவாட்டில் விழும்போது இடது கை இன்னும் தாமதமாகவே தட்டுகிறது. எனக்கு ஜோடி ஒரு கல்லூரி மாணவி. ஒவ்வொரு தடவையும் குனிந்து வணங்கிவிட்டு, “அக்கா, தாடை” என்று ஞாபகப்படுத்திவிட்டுத்தான் தள்ளுகிறாள். இடது கை சரியானால் ஓ-சோட்டோ-காரி, அதாவது எதிராளியின் காலை வெளிப்பக்கமிருந்து வாரிச் சாய்க்கும் முறை, தொடங்கலாம் என்றார் கோச். அதில் விழுகிறவர் நேராகப் பின்னால் சாய்வதால் அவசரம் கூடாதாம். சாயங்காலம் மொட்டைமாடியில் பழைய மெத்தையைப் போட்டு இடது பக்கம் மட்டும் விழுந்துகொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மகள் காலடி போட்டுக்கொண்டிருந்தாள்.