ஒரே எழுத்துகள், வேறு வேறு குடும்பங்கள்

மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தபோது எனக்கு ஆங்கிலம்தான் பெரிய பயம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவன். முதல் கட்டத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்விகள். அதில் 25 ஆங்கிலம், 50 மதிப்பெண். தப்பாகப் போட்டால் அரை மதிப்பெண் போய்விடும். கணக்கில் பாடுபட்டு எடுத்ததையெல்லாம் ஆங்கிலத்தில் விட்டுக்கொண்டிருந்தேன்.

கோச்சிங் சென்டரில் ஏ-யில் தொடங்கும் ஒரு தடித்த சொற்பட்டியலைக் கொடுத்து, தினம் 30 சொல் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். ஒன்பது நாள் ஒழுங்காகப் படித்தேன். பத்தாம் நாள் முதல் நாள் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் ஏழு சொல்தான் நினைவில் இருந்தது. எல்லாம் ஏ-யில் தொடங்குகின்றன என்பதைத் தவிர, அந்தச் சொற்களுக்குள் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு வேண்டாமா?

அந்தக் கொம்பு, ஒரு விளக்கத்தைக் கொடுத்து அதற்கான ஒற்றைச் சொல்லைக் கேட்கும் 'ஒன் வேர்டு' பகுதியில் கிடைத்தது. தந்தையைக் கொல்வது பேட்ரிசைட், தாயைக் கொல்வது மேட்ரிசைட், உடன்பிறந்தவனைக் கொல்வது ஃப்ராட்ரிசைட், அரசனைக் கொல்வது ரெஜிசைட். எல்லாமே சி-ஐ-டி-இ என்று முடிகின்றன. ஒரு இனத்தையே அழிப்பதற்கு ரஃபேல் லெம்கின் 1944-இல் ஜெனோசைட் என்ற சொல்லை உருவாக்கியபோதும் இந்த வாலைத்தான் சேர்த்தார். ஒரு வாலைப் பிடித்தால் பத்துச் சொல் வருகிறதே என்று, பட்டியலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு ஒரு நோட்டு போட்டேன். பக்கத்துக்கு ஒரு எழுத்துக் கூட்டம்.

சரி, வழி கிடைத்துவிட்டது என்று நினைத்த வாரத்திலேயே மாதிரித் தேர்வில் 'டிசிடுவஸ்' வந்தது. நடுவில் சி-ஐ-டி இருக்கிறதே என்று கொலை சம்பந்தப்பட்ட விடையைத் தேர்ந்தெடுத்தேன். அது இலையுதிர் மரத்தைக் குறிக்கும் சொல். ஒரு மரத்துக்கும் கொலைக்கும் என்ன தொடர்பு என்று இரண்டு நாள் மண்டைக்குள் குடைந்தது.

மாவட்ட மைய நூலகத்தில், வெளியே எடுத்துப்போக விடாத நூல்களின் பகுதியில், ஒரு பெரிய ஆங்கில அகராதி இருந்தது. ஒவ்வொரு சொல்லின் கீழும் அது எங்கிருந்து வந்தது என்று சதுர அடைப்புக்குறிக்குள் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள். அதுவரை அந்தக் குறிப்பு மாணவர்களுக்கானது இல்லை என்றே நினைத்திருந்தேன். அதில்தான் விடை இருந்தது. லத்தீனில் வெட்டு, கொல் என்ற பொருளில் ஒரு வினை. விழு என்ற பொருளில் இன்னொரு வினை. ஆங்கிலத்துக்கு வருவதற்குள் இரண்டும் ஒரே முகமாகிவிட்டன. ஆக்சிடென்ட், இன்சிடென்ட், கோயின்சைட், டிசிடுவஸ் எல்லாம் விழுகிற கூட்டம். கீறலைக் குறிக்கும் இன்சிஷன், சுருக்கமான என்ற கன்சைஸ், ஏன், டிசைட் என்பதுகூட வெட்டுகிற கூட்டம். முடிவெடுப்பது என்றால் வெட்டிவிடுவது. நம் ஊரில் 'வெட்டு ஒன்று, துண்டு இரண்டு' என்போமே, அதேதான். அன்றைக்கு அந்த மேசையை விட்டு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

அப்புறம் நான் அதிக நாள் செலவிட்டது ஜி-என் பக்கத்தில். டயக்னோசிஸ், ப்ராக்னோசிஸ், அக்னாஸ்டிக், காக்னிஷன், ரெகக்னைஸ், இக்னோர். எல்லாம் அறிதல் அல்லது அறியாமை. நாம் தினமும் சொல்லும் 'நோ', அதாவது கே-யில் தொடங்கும் அறிதல், இதே குடும்பம்தான். இப்போது ஊமையாக நிற்கும் அந்தக் கே-யை ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். சமஸ்கிருதத்தில் இதன் உறவு 'ஜ்ஞா'. அங்கிருந்து நம்மிடம் வந்தது ஞானம். மனப்பாடம் செய்ய முடியாமல் தவித்த சொற்களுக்கு நடுவில் ஞானம் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஆனால் இக்னைட் வேறு. அது லத்தீனில் நெருப்பு, நம் அக்னிக்கு உறவு. புவியியலில் படித்த தீப்பாறை, இக்னியஸ், அந்தப் பக்கம் போகும். காக்னேட் என்பதும் காக்னிஷனுக்குச் சொந்தம் இல்லை. அது 'உடன்பிறந்தது', ப்ரெக்னன்டில் இருக்கும் பிறப்பு. பினைன், மலைன் என்பவையும் பிறவி சார்ந்தவை: நல்ல பிறவிக்குணம், கெட்ட பிறவிக்குணம். ஆக ஜி-என் பக்கத்தை அறிவு, பிறப்பு, தீ என்று மூன்றாகப் பிரித்துக் கோடு போட்டேன்.

அந்தக் கோடு போட்ட மாதத்தில்தான் அப்பாவின் கழுத்துக் கட்டியிலிருந்து சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அறிக்கை மாலையில் வந்தது. டாக்டரை மறுநாள்தான் பார்க்க முடியும். அம்மா தாளை என் கையில் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பாதிச் சொற்கள் எனக்குப் புரியவில்லை. கடைசி வரியில் 'பினைன்' இருந்தது. பிறப்புக் கட்டத்தில் முதலில் எழுதிய சொல். "பயப்பட ஒன்றும் இல்லைம்மா, நல்ல கட்டிதான்" என்றேன். மறுநாள் டாக்டரும் அதையே சொன்னார். மதிப்பெண்ணுக்காகப் படித்த ஒரு சொல் எங்கள் வீட்டில் ஒரு இரவுத் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது.

வேலை மெதுவாகத்தான் நடந்தது. நாளுக்கு 30 சொல் என்பது போய், வாரத்துக்கு இரண்டு பக்கம் என்றானது. ஞாயிற்றுக்கிழமை எழுத்துக் கூட்டத்தை மட்டும் பார்த்து, சொற்களை நினைவிலிருந்து எழுதுவேன். எந்தக் குடும்பத்திலும் சேராமல் தனியாக நின்றவற்றைப் பின்பக்கம் எழுதிப் பழையபடி மனப்பாடம்தான். அவற்றுக்குக் குறுக்குவழி இல்லை. ஃபாரின் அப்படி ஒன்று. அதன் ஜி, ரெயின் என்ற ஆட்சியைக் குறிக்கும் சொல்லைப் பார்த்துத் தவறாக ஒட்டிக்கொண்டதாம்.

முதல் முறை ஆங்கிலத்தில் ஒன்பது கேள்விதான் சரி. அடுத்த முறை பத்தொன்பது. நோட்டிலிருந்து அப்படியே வந்தவை மூன்றோ நான்கோதான். மற்றவற்றில் தெரியாத சொல்லைக் கண்டு பதறாமல் எந்த வீட்டுப் பிள்ளை என்று யோசிக்க முடிந்தது.

நோட்டு இப்போது தங்கையிடம். எஸ்-என் என்று அவளே ஒரு பக்கம் தொடங்கியிருக்கிறாள்: ஸ்னீஸ், ஸ்னோர், ஸ்னிஃப், ஸ்னவுட், எல்லாம் மூக்கு. "அண்ணா, ஸ்னேக்கை எங்கே வைக்கிறது?" என்று நேற்று கேட்டாள். நத்தையைக் குறிக்கும் ஸ்னெயிலோடு சேர்த்து, ஊர்வன என்று பக்கத்திலேயே தனிக் கட்டம் போடச் சொன்னேன்.